பொருநைக் கரையைப் பேருந்திலும் ரயிலிலும் பார்ப்போம்

பொருநை என்ற தாமிரபரணி நீளமான ஆறு இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும்வரை சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே. பக்கத்து மாநிலத்திடம் கையேந்தாத ஆறு என்று நெல்லைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. மலையடிவாரத்திலிருந்து கடலோரம்வரை இந்த ஆற்றை ஒட்டியே ரயிலும் பேருந்தும் ஓடுகின்றன. ஓர் ஆற்றை அதன் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை சாதாரணக் கட்டணத்தில் பார்த்துவிடக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் வேறு இல்லை.

இதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் வருத்தம். சுற்றுலா என்றால் கார், இல்லாவிட்டால் வேன் என்று ஆகிவிட்டது. பாபநாசத்துக்கு விடுமுறை நாளில் வருகிறவர்களைப் பாருங்கள். அகத்தியர் அருவியில் ஒரு குளியல், கோயிலில் ஒரு கும்பிடு, மணிமுத்தாற்றில் சில படங்கள், அங்கிருந்து குற்றாலம், இரவுக்குள் வீடு. வந்த வழியெல்லாம் கூடவே ஓடிய ஆற்றை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வாகனம் நிறுத்த இடம் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். உடனே நாமும் வாகன நிறுத்தத்தை விரிவாக்குவோம், சாலையை அகலப்படுத்துவோம், அதற்காக ஓரத்து மருத மரங்களை வெட்டுவோம். பார்க்க வந்த அழகை வருகிற வண்டிக்காக அழிக்கிற இந்தப் போக்கு நிற்க வேண்டும். தாமிரபரணிக் கரையைப் பார்க்கப் பொதுப் போக்குவரத்தே சரியான வழி, அதைச் சுற்றுலாவுக்கு ஏற்றபடி கொஞ்சம் சீர்செய்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தை ஆற்றிலிருந்தே தொடங்கலாம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர்கள் காலத்தில், 1870-களில் கட்டி முடிக்கப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த எட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிந்து சுமார் 86,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. ஆறு இங்கே படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கால்வாய், கால்வாயை ஒட்டிக் குளங்கள், குளத்தை ஒட்டி ஊர்கள். அதனால் ஊர்கள் நெருக்கமாக அமைந்தன. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று அடுத்தடுத்து வருகிற பெயர்கள் ரயில் நிலையப் பலகைகளிலும் அதே வரிசையில் வருகின்றன. ஊர்கள் இப்படி நெருங்கி அமைந்த ஆற்றங்கரையில் நின்று நின்று போகும் வண்டிதான் பொருத்தம். நிற்காமல் போகிற வண்டியில் உட்கார்ந்தவருக்கு எட்டு அணைக்கட்டும் தெரியாது, பதினொரு கால்வாயும் தெரியாது.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே தென்காசி, செங்கோட்டைக்குப் போகும் ரயில்பாதை 1903-ல் வந்தது. கிழக்கே திருச்செந்தூருக்குப் போகும் பாதை 1923-ல் திறக்கப்பட்டது. இரண்டும் மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையானவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திருநெல்வேலி ஜங்ஷனை நடுவில் வைத்து ஆற்றின் மேல்கையும் கீழ்கையும் போல நீளுகின்றன. கொரோனாவை ஒட்டிப் பயணிகள் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயாக்கியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அது மறுபடியும் 10 ரூபாய்க்கு வந்தது. இந்தக் கட்டணத்தில் இப்படி ஒரு பயணம் கிடைப்பதை நாம் மதிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேற்கே போகும் வண்டியில் ஏறினால் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். டவுன், பேட்டை தாண்டியதும் வண்டி ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வருகிறது. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே மறுபடி கடந்து வடகரைக்குப் போகிறது. இந்த இரண்டாவது பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிரிந்து பிரிந்து ஓடுவதும், துவைக்கிற கல்லும், குளிக்கிற பிள்ளைகளும், அதற்கப்பால் வயலும், வயல் முடிகிற இடத்தில் நீலமாக எழும்பும் மலையும் ஒரே பார்வையில் அகப்படும். அதற்கு மேலும் வண்டியில் இருந்தால் கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, இரவணசமுத்திரம் வழியாகக் கீழக்கடையம் வரும். 1918-ல் கடலூர்ச் சிறையிலிருந்து விடுபட்ட பாரதி 1920 வரை வாழ்ந்தது மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில்தான். அங்கே ஓடுவது தாமிரபரணி இல்லை. அதோடு வந்து சேரும் கடனா, ராமநதி போன்ற சிற்றாறுகளின் பூமி அது. ஆனாலும் மலை அங்கே இன்னும் நெருங்கி வந்து நிற்கிறது.

வருவதற்கு நல்ல காலம் எது என்று கேட்டால், பயிரைப் பார்த்துச் சொல்வேன். ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்தால் கார்ப் பருவ நெல் சாகுபடி தொடங்கும். ஐப்பசி மழையோடு அடுத்த போகமான பிசானம். நாற்று நட்ட புதிதில் வயலெல்லாம் தண்ணீராக, மலை தலைகீழாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் பிசானப் பயிர் பால் பிடித்து நிற்கும்போது அம்பாசமுத்திரம் பக்கத்துப் பச்சைக்கு ஈடே கிடையாது. கோடையில் வந்து ஆறு வறண்டு கிடக்கிறது என்று குறை சொல்லக் கூடாது.

ரயில் தொடாத ஊர்களுக்குப் பேருந்து இருக்கிறது. பத்தமடை அப்படி ஓர் ஊர். மேலப்பாளையம் வழியாகச் சேரன்மகாதேவிக்குப் போகும் பேருந்தில் இறங்கி உள்தெருவுக்கு நடந்தால், வீட்டு முன்கட்டிலேயே பாய் நெய்கிற பெண்களைப் பார்க்கலாம். ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை எடுத்து மறுபடியும் காயவைத்து இன்னும் மெல்லிசாகக் கீறுகிறார்கள். தறி என்று பெரிதாக எதுவும் இல்லை. தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பாவு, அதைத் தாங்க மூங்கில் கால்கள், அவ்வளவுதான். பாவுக்கு நூலோ பட்டோ. ஒவ்வொரு கோரை இழையையும் குச்சியால் ஊடே செலுத்தி அச்சால் இழுத்து அடிக்க வேண்டும். கண் அதிலேயே இருக்க, வாய் மட்டும் பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும். நல்ல பட்டுப்பாய் துணி மாதிரி மடிகிறது. கண்காட்சிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதே பாயைப் பார்த்தவர்களுக்கு, ஓடுகிற ஆறு இல்லாமல் இந்தப் பாய் இல்லை என்பது தெரிந்திருக்காது. தண்ணீரில் சாக்கடை கலந்தால் பாயும் போகும் என்பது இந்தத் தெருவில் நின்றால்தான் புரியும்.

காருகுறிச்சியில் இறங்கினால் குயவர்கள் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கலாம். 1921 முதல் 1964 வரை வாழ்ந்த நாகஸ்வர மேதை அருணாசலம், இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்து உலகமெல்லாம் கொண்டுபோனவர். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். அதை எல்லோரும் சொல்வார்கள் என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது திருப்புடைமருதூரைப் பற்றி. கடனா ஆறு தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிறது அந்தச் சிற்றூர். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. புராணக் கதைகளோடு போர்க் காட்சிகளும் கப்பலும் குதிரைகளும் அந்தச் சுவர்களில் உண்டு. கோயிலைச் சுற்றி ஆற்றங்கரையில் மருத மரங்கள். அவற்றில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். 2005-ல் இந்த இடத்தைப் பறவைகளுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது. ஊர் மக்கள் பல தலைமுறைகளாகப் பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் காத்து வந்ததற்குக் கிடைத்த மரியாதை அது. இத்தனை இருக்கிற ஊருக்கு வீரவநல்லூர் ரயில் நிலையத்தில் இறங்கி எப்படிப் போவது? நிலையத்துக்கு வெளியே ஒரு பலகை சொல்லாது. பேருந்து உண்டு. எப்போது வரும் என்பது ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும். வெளியூர்க்காரர் தேநீர்க்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் நல்லபடியாகச் சொல்வார்கள், ‘இப்பத்தான போச்சு’ என்ற பதிலையும் சேர்த்து.

பாபநாசத்துக்கு வருவோம். அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் அருவித் தண்ணீரின் விசையை நம்பி நூற்பாலை வைத்த இடம் இது. அந்த ஆலையை ஒட்டித்தான் விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அமைந்த இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காரையாறு போகும் அரசுப் பேருந்து சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறுகிறது. காணிப் பழங்குடியினரும் மின்வாரிய ஊழியர்களும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களும் அதில் இருப்பார்கள். குரங்குக்குத் தீனி போடாதே என்று கண்டக்டர் அதட்டுவார். வண்டிக்குள் அமைதியாக உட்கார்ந்து காட்டைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆடி அமாவாசைத் திருவிழாவின்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் அய்யனாரைப் பார்க்க வருகிற நாட்களில் தனியார் வாகனங்களை அடிவாரத்தில் நிறுத்தி, அங்கிருந்து அரசுப் பேருந்துகளிலேயே மக்களை மேலே கொண்டுபோகிறார்கள். முதலில் முணுமுணுப்பு இருந்தது. காட்டுச் சாலையில் நெரிசல் குறைந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். திருவிழாவுக்கு முடிகிற காரியம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏன் முடியாது? விடுமுறை நாள்களில் காரையாறு சாலையில் பேருந்து மட்டும் என்று வைத்து, அரைமணிக்கு ஒரு வண்டி விட்டால் புலிக்கும் நல்லது, அரசின் வருமானத்துக்கும் நல்லது.

இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாபநாசம் படித்துறையில் தோஷம் கழிப்பதாக நினைத்து உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப் போகிறவர்களில் காரில் வருகிறவர்களும் உண்டு, பேருந்தில் வருகிறவர்களும் உண்டு. டன் கணக்கில் துணியை அவ்வப்போது தன்னார்வலர்கள் அள்ளுகிறார்கள். பேருந்தில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆற்றோடு அதிக நேரம் இருக்கிறவருக்கு அதன்மேல் அக்கறை வர வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆற்றங்கரையின் பேருந்துகளில் நான் மிகவும் மதிப்பது மாஞ்சோலைப் பேருந்தை. கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக மலையேறி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களைத் தொட்டு வரும் வண்டி அது. தனி வாகனத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தொழிலாளர்களுக்கோ அந்தப் பேருந்துதான் மருத்துவமனை, பள்ளிக்கூடம், சந்தை எல்லாவற்றுக்கும் வழி. மலை வளைவுகளில் வண்டி திரும்பும்போது மணிமுத்தாறு அணை ஒரு பக்கமும் பள்ளத்தாக்கு முழுதும் மறுபக்கமும் விரியும். கீழே வெயிலடிக்கும்போது நாலுமுக்கில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்யும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் அடக்கம்.

இந்த அழகைப் பேசும்போது அங்கே உழைத்தவர்களை மறக்கக் கூடாது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விட்டது. அங்கே நான்கைந்து தலைமுறைகள் கொழுந்து பறித்தன. கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறைப்பட்ட தொழிலாளர்களின் விடுதலைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர், போலீஸ் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கி உயிரிழந்தார்கள். கொக்கிரகுளத்தில் பாலத்தைக் கடக்கிற யாரும் அதை நினைக்காமல் கடக்க முடியாது. குத்தகை 2028-ல் முடிகிற நிலையில், 2024-ல் கம்பெனி வெளியேறத் தொடங்கி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொன்னது. காடு காடாகட்டும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் மேலே ஒரு குடும்பம் இருக்கும்வரை அந்தப் பேருந்து நிற்கக் கூடாது.

அப்படி ஒரு பேருந்தை நிறுத்தாமல் ஓட்ட முடியும் என்பதற்குக் கேரளத்தின் கவி என்ற ஊர் நல்ல உதாரணம். பத்தனம்திட்டாவிலிருந்து கவி வழியாகக் குமுளிக்குப் போகும் சாதாரண அரசுப் பேருந்து இன்று தென்னிந்தியா முழுக்கப் பேசப்படுகிறது. அது சுற்றுலாப் பேருந்தாகப் பிறக்கவில்லை. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியமர்த்தப்பட்ட தமிழர்களும் மற்ற தோட்டத் தொழிலாளர்களும் போய்வருவதற்கான வண்டி. வெளியூர்க்காரர்கள் அதே வண்டியில் ஏறிக் காட்டைப் பார்த்தார்கள். கூட்டம் கூடியதும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-ல் குறைந்த செலவுச் சுற்றுலாவுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கிப் பல ஊர்களிலிருந்து வண்டி விடுகிறது. உள்ளூர்க்காரருக்கான சேவையே வெளியூர்க்காரரை ஈர்க்கும், வெளியூர்க்காரரின் டிக்கெட் பணம் உள்ளூர்ச் சேவையைக் காப்பாற்றும் என்பதற்கு அது சாட்சி. மாஞ்சோலைப் பேருந்துக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு முதல் இடம், மீதி இருக்கைகள் மட்டும் மற்றவர்களுக்கு என்ற கண்டிப்போடு.

இனி கிழக்கே. ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் ரயில் ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டை வழியாகத் தென்கரையைப் பிடித்துப் போகிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் முதலில் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து வாருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த அந்த மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறக்கப்பட்ட பாலம். பொதுமக்கள் ஆற்றைக் கடக்க ஒரு தனிமனிதர் சொத்தைக் கொடுத்த ஊர் இது என்பதை, பேருந்து நேரப் பலகை வைக்கக்கூட நிதி இல்லை என்று சொல்கிறவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் தென்கரையில், புதுக்குடியில் இருக்கிறது. ஊரோ வடகரையில். நடுவில் அணைக்கட்டு. இறங்கி அதன் மேலே நடந்தால், ஒரு பக்கம் கடல்போலத் தேங்கி நிற்கும் தண்ணீர், மறுபக்கம் மதகு வழியே சீறி இறங்கும் தண்ணீர். கடைசி அணைக்கட்டு இது. இதற்குக் கீழே வாழையும் வெற்றிலையும்தான் பெரும்பாலும். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றித்தான் நவதிருப்பதிகள் என்ற ஒன்பது பெருமாள் கோயில்கள். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி அடுத்த ரயில் நிலையம். ஆனால் இரட்டைத் திருப்பதிக்கோ பெருங்குளத்துக்கோ சாதாரண நாளில் பேருந்தில் போய்த் திரும்புவது பொறுமைசாலிகளுக்கு மட்டும் ஆகிற காரியம்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பாருங்கள், நிலைமையே வேறு. நவதிருப்பதிகளுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் திருநெல்வேலியிலிருந்து தனிப் பேருந்துகள் விடுகிறது. மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் பாபநாசம் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம்வரை நவகைலாயங்கள் என்ற சிவன் கோயில்களுக்கு வண்டி விடுகிறது. ஒரே நாளில் ஒன்பது கோயில், அதாவது ஒரே நாளில் கிட்டத்தட்ட முழு ஆறு. வயதானவர்கள் கையில் கட்டுச்சோறோடு விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். முன்பதிவு நிரம்பிவிடும். இது ஆண்டுதோறும் நடக்கிறது. பக்திக்கு ஒன்பது நிறுத்தம் வைக்கத் தெரிந்த கழகத்துக்கு வரலாற்றுக்கும் இயற்கைக்கும் ஒன்பது நிறுத்தம் வைப்பது பெரிய வேலையே இல்லை.

ஏனென்றால் இந்த ஆற்றங்கரையில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். முதுமக்கள் தாழிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னைக்கும் பெர்லினுக்கும் போயின. 2023 ஆகஸ்டில் அங்கேயே, தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். வடகரையில் சிவகளை. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல் 3,200 ஆண்டுப் பழமையானது என்று 2021-ல் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அதற்கும் கிழக்கே கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். இந்தக் கண்டெடுப்புகளுக்காகவே ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் பொருநை அருங்காட்சியகத்தை அரசு எழுப்பியிருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிடம் எழுப்புகிறோம். அந்தக் கட்டிடத்திலிருந்து ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றையும் கோர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் போய்வர ஒரு வட்டப் பேருந்து வேண்டாமா? ஆதிச்சநல்லூர் திருச்செந்தூர் நெடுஞ்சாலையிலேயே இருந்தும், வண்டி அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏற வேண்டியிருப்பது நியாயமா?

ஆறு முடிகிற புன்னைக்காயலையும் விட்டுவிடாதீர்கள். 1586-ல் ‘அடியார் வரலாறு’ என்ற தமிழ்ப் புத்தகம் அச்சேறியது இந்தச் சிறிய மீனவர் ஊரில்தான். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் செய்த வேலை அது. தமிழ் அச்சின் தொடக்க காலத்து ஊர்களில் ஒன்றுக்கு இன்றும் பேருந்தில் போக முடிகிறது, ஆனால் போனவர்கள் மிகச் சிலர்.

திருச்செந்தூர் ரயில்பாதையின் அருமையை 2023 டிசம்பர் வெள்ளம் நமக்குக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போயிருந்ததால் 17-ம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். சிலரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் இரண்டு இரவுகள் வண்டியிலேயே இருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து உணவு போடுவதற்கு முன்பே, தங்கள் வீடுகளையே வெள்ளம் சூழ்ந்திருந்த சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரயில்பாதை மறுபடி சரியாகும்வரை இந்தப் பக்கத்துப் பெண்கள் வேலைக்கும், பிள்ளைகள் கல்லூரிக்கும் போகப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆக, கரை இருக்கிறது, வண்டி இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள். இல்லாதது இணைப்பு. சேரன்மகாதேவியில் ரயில் வந்து நிற்கும், நிலைய வாசலில் பேருந்து இருக்காது. பேருந்து நிலையம் ஓரிடம், ரயில் நிலையம் ஓரிடம், இரண்டின் நேரமும் ஒன்றையொன்று அறியாது. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் ரயில் வரும் நேரத்துக்கு மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து நிலைய வாசலில் காத்திருப்பதை வியந்து எழுதுகிறோம். அதற்குத் தேவையானது தொழில்நுட்பமே இல்லை, இரண்டு அதிகாரிகள் கால அட்டவணையைச் சேர்ந்து எழுதுவதுதான். சென்னையில் 2025-ல் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் கொண்டுவந்தோம். நெல்லைக்கு மட்டும் அது ஏன் கூடாது?

2021 மே மாதம் முதல் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களின் மாதச் செலவைக் குறைத்தது என்றுதான் பேசுகிறோம். அது பெண்களை ஊர் பார்க்கவும் வைத்திருக்கிறது. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கும் ஆற்றுக் குளியலுக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் கூட்டமாகக் கிளம்புகிற பெண்களை நெல்லை டவுன் பஸ்களில் எந்த நாளும் பார்க்கலாம். இவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று எந்தக் கணக்கும் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் சுற்றுலாப் பயணிகள் இவர்களே. இவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதாலும், பேருந்து நிலையக் கழிப்பறைகள் இருக்கிற லட்சணத்தாலும் தூரமாகப் போவதில்லை. கடைசி வண்டியை ஒரு மணி நேரம் தள்ளி விட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் மூன்று இடங்களிலும் கழிப்பறையைச் சுத்தமாக வைத்தால், கோடிகள் போட்டுப் பூங்கா கட்டுவதைவிட அதிகப் பேர் இந்த ஆற்றைப் பார்ப்பார்கள். புதிய மினி பஸ் திட்டத்தில் வழித்தடங்களை முடிவு செய்யும்போது திருப்புடைமருதூரும் இரட்டைத் திருப்பதியும் கொற்கையும் சிவகளையும் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு தாளில் அடங்குகிற கால அட்டவணை வேண்டும். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல்வரை, ரயிலும் பேருந்தும் சேர்த்து, தமிழில், ஒவ்வொரு நிலையத்திலும் நிறுத்தத்திலும் ஒட்டப்பட்டு, எந்த ஊரில் இறங்கினால் என்ன பார்க்கலாம் என்ற ஒரு வரியோடு. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்களும், அரசுப் போக்குவரத்துக் கழகமும், மதுரை ரயில்வே கோட்டமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதைச் சில வாரங்களில் முடித்துவிடலாம். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறக்கிற ஜூன் மாதத்துக்குள் அந்தத் தாள் எல்லா நிறுத்தங்களிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.